முதுகுப்பக்கம்

ஊரைச் சுற்றிக் காட்டு என்று
சியாராவின் க்ராட்டோவிலிருந்து
இரண்டு பகல் இரண்டு இரவு பேருந்தில் வந்து
சாவோ பாவ்லோவில் இறங்கினாள் நாத்தனார் ஜுசாரா.
கால் வீங்கியிருந்தது. கையில் பட்டியல்:
பேராலயம்,
சந்தையின் வண்ணக் கண்ணாடி,
ஜப்பானியத் தெருவின் சிவப்பு விளக்குகள்,
சுவரெல்லாம் சித்திரம் தீட்டிய சந்து.
கடைசியில், இரண்டு முறை அடிக்கோடிட்டு,
நீ வேலை பார்க்கும் இடம்.

பதினோரு வருடமாக இங்கே இருக்கிறேன்,
அதில் பாதி இடம் நானும் பார்த்ததில்லை.
குவயானாசஸ் ரயிலில் நின்றுகொண்டே தூங்கத் தெரியும்.
எந்த நிலையத்தில் எந்தப் படிக்கட்டு
எப்போது பழுதாகும் என்று தெரியும்.
இதையெல்லாம் சொல்லி என்ன பயன்?
எல்லாம் தெரிந்தவள்போல் முன்னால் நடந்தேன்.

பேராலயத்தில் அவள் முழந்தாளிட்டாள்.
நான் தரையைப் பார்த்தேன்,
மெழுகுக் கறையை நன்றாகச் சுரண்டியிருக்கிறார்கள்.
சந்தையில் மொர்தாதெல்லா ரொட்டி ஒன்று வாங்கி
இரண்டாக வெட்டச் சொன்னோம்.
வெட்டிய பிறகும் ஒரு பாதி
கைக்குழந்தை கனம்.
"இந்தக் காசுக்கு ஊரில் கோழியே வாங்கலாம், முட்டையோடு"
என்றவள்
எண்ணெய்த்தாளையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை
பாவ்லிஸ்தா சாலையில் கார் கிடையாது.
சக்கரக்காலணிப் பிள்ளைகள், சோப்புக் குமிழி,
நடுவே ஒருவன் அக்கார்டியன் வாசிக்கிறான்,
எங்கள் பக்கத்து மெட்டு.
"இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?"
என்று சலித்துக்கொண்டே இரண்டு ரியால் போட்டாள்.

அருங்காட்சியகம் நிற்கிறது,
சிவப்புக் கால்களை அகல ஊன்றி
வயிற்றுக்குக் கீழே ஊரை உட்காரவிட்டு.
வாசலில் புதுக் காவலாளி.
சீருடை இல்லாத என்னை அவனுக்குத் தெரியவில்லை.
அடையாள அட்டை வீட்டில்,
துவைக்கப் போட்ட சட்டைக்குள்.
செவ்வாய்தான் இலவசம். அன்று காலையில் அவளுக்குப் பேருந்து.
இரண்டு சீட்டின் விலையை மனதில் கூட்டினேன்.
என் முகத்தை அவள் கூட்டிவிட்டாள்.
"விடு. உள்ளே என்ன இருக்கிறது, சொல்."

அப்போது மழை பிடித்தது.
தெருவே ஓடிவந்து அந்த வயிற்றுக்கடியில் ஒண்டியது,
கொடி பிடித்தவர்கள், மணப்பெண் ஒருத்தி, ஈர நாய்.
சொன்னேன்:
படங்கள் சுவரில் இல்லை, கண்ணாடியில் நிற்கின்றன.
பின்பக்கம் போய்த் துடைப்பவள் நான்.
ஆணி தெரியும், ஒட்டுப்போட்ட மரம் தெரியும்,
கிழிந்த கப்பல் சீட்டு தெரியும்.
ஒன்றின் முதுகில்
யாரோ பென்சிலில் போட்ட கூட்டல் கணக்கு.
"முன்பக்கம்?"
அங்கே எப்போதும் ஆள் மறைக்கிறார்கள்.
"கணக்கு சரியா?"
பார்த்ததில்லை.

அங்கேயே பழைய சாமான் கடைகள்.
பிறர் வீட்டுக் கரண்டி, பிறர் வீட்டுப் பூட்டு.
ஒரு தட்டு நிறையப் பிறர் வீட்டுப் புகைப்படம்.
ஜுசாரா ஒன்றை எடுத்தாள்.
கடலில் முழங்கால்வரை நான்கு பேர்,
வெயிலுக்குக் கண் சுருக்கி.
திருப்பினாள். நீல மை:
சாந்தோஸ், 1961. தண்ணீர் குளிர்.
பெர்த்தோ இறங்கமாட்டேன் என்றுவிட்டான்.

ஐந்து ரியால். பேரம் பேசாமல் கொடுத்தாள்.
மழை விடும்வரை பெர்த்தோவைப் பற்றியே பேசினோம்.
கோபக்காரன் என்றாள் அவள்.
நீந்தத் தெரியாதவன் என்றேன்.
படத்தை எடுத்தவனே அவனாயிருக்கும்
என்றாள் கேட்காமலே அந்த மணப்பெண்.
சித்திரச் சந்துக்குப் போகவே இல்லை.

செவ்வாய் மதியம், கையில் துணியோடு
அந்த முதுகின் முன் நின்றேன்.
ஏழும் ஐந்தும் பதின்மூன்று.
தப்பு, என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன்.
மலைகளுக்குள் எங்கோ போய்க்கொண்டிருந்தாள் போல.
இரவு நெடுநேரம் கழித்துப் பதில் வந்தது:

பெர்த்தோவாகத்தான் இருக்கும்.